கிணற்றைக் குறை சொல்லாதீர்கள்

கற்பிட்டியில் எந்த வீட்டில் முடிப் பேச்சு எடுத்தாலும் பழி கிணற்றின் மேல்தான் விழும். "தண்ணி சரியில்ல மகள், அதான் இப்பிடிக் கொட்டுது" என்று உம்மாமார் முடித்துவிடுவார்கள்.

அதில் பாதி உண்மை. நம் மணலுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். களப்புக்கு அக்கரையில், அருவக்காட்டில் சீமெந்துக்காக வெட்டுவதும் அந்த இனம்தான். அதில் ஊறி வரும் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைப் படிவாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். முடி சொரசொரத்துச் சிக்காகும். ஆனால் அந்தத் தண்ணீர் வேரைக் கொல்வதில்லை. சிக்கெடுக்கிற கைதான் முடியை அறுக்கிறது.

சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் அப்படி உதிரும், பயப்பட வேண்டாம். குமிழே இல்லையென்றால் அது இடையில் முறிந்தது. முறிவுக்குக் காரணம் பெரும்பாலும் நாமேதான்.

நீர் ஏறிய முடியில் புரத இழைகளைப் பிடித்திருக்கும் பிணைப்புகள் தளர்ந்துவிடும். இழுத்தால் நீளும், மேலும் இழுத்தால் அறும். அந்த நேரம் பார்த்துத்தான் துவாயால் அரக்கித் தேய்க்கிறோம், உச்சியிலிருந்து சீப்பை இழுக்கிறோம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பள்ளிப் பிள்ளைகளின் தலை. விடிய முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட இறுக்கிப் பின்னி, மேலே பர்தாவைப் போட்டு ஊசி குத்தி அனுப்புகிறோம். பகல் ஒன்றரைக்குப் பள்ளி விட்டு வந்து அவிழ்க்கும்போதும் பின்னலின் நடு காய்ந்திருக்காது. வியர்வையும் சேர, அரிப்பும் பொடுகும் கூடும். பர்தாவில் பிழையில்லை, சோளகக் காற்றும் வெயிலும் உப்பும் முடியில் படாமல் அது காக்கிறது. பிழை ஈரத்திலும் இறுக்கத்திலும்தான். முழுக்கை முதல் நாள் அஸருக்கு மாற்றினாலே போதும்.

இறுக்கம் சின்ன விசயமல்ல. முடியை இழுத்துக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களுக்கு நெற்றியோரம் வழுக்கையாவது 1907 இலேயே பதிவானது. தொடக்கத்தில் தளர்த்தினால் முடி திரும்ப முளைக்கும். பல வருடம் இழுத்தால் வேர்க்குழி தழும்பாகிவிடும். பிறகு எந்த எண்ணெயும் உதவாது.

எண்ணெய் என்றதும் தேங்காயெண்ணெய்க்கு ஒரு நல்ல வார்த்தை. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003 இல் வெளியான இந்திய ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. எண்ணெய்க் கம்பனி ஒன்றின் ஆய்வாளர்கள் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுகுவதற்கு முன் பூசுங்கள். முடிக்குள் நீர் ஏறுவதை அது குறைக்கும். கடலில் இறங்குகிறவர்களுக்கும் இதே யோசனைதான்.

சவர்க்காரப் படிவு போக, ஒரு வாளித் தண்ணீரில் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டு அலசி, பிறகு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். தேசிப்புளி தோலில் இருக்க வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்துவிடும்.

உம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். இன்று பிள்ளையின் பின்னலை அவிழ்த்து நெற்றியோரத்தைப் பாருங்கள். அங்கே முடி மெலிந்திருந்தால் இன்றிலிருந்தே தளர்த்திக் கட்டுங்கள். வட்டமாகக் கொட்டியிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.