ஒரே ஊருக்கு இரண்டாம் முறை

“பார்த்த ஊரத் திரும்பவும் போய்ப் பார்க்கிறதா மகள்? ஒங்களுக்குக் காசு கூடிப்போச்சா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் இருந்துகொண்டு பெரியும்மா கைத்தொலைபேசியைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. மறுமுனையில் இருந்தவர் பெரியும்மாவின் மகள், எனக்குத் தாத்தா முறை. இத்தாலியில் உள்ள பாதுவா பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசில் பெற்றுப் பட்டமேற்படிப்புப் படிக்கிறார். அந்த வார இறுதியில் அவர் வெனிஸ் நகரத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான் அதே வெனிஸுக்குப் போய், குடும்ப வட்ஸ்அப் குழு நிரம்பும் அளவுக்குப் படங்கள் அனுப்பியிருந்தார். பெரியும்மாவின் கோபத்துக்கு அதுதான் காரணம்.

“அந்தக் காசுக்கு வேற ஊரொண்டப் பார்த்திருக்கலாமே” என்று வாப்பாவும் சொன்னார். “ஆரோட போன? எங்க தங்கின?” என்பது உம்மாவின் கவலை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் வாப்பாவின் கட்சியில்தான் நின்றிருப்பேன். ஆனால் அன்றிரவு தாத்தா சொன்ன கதைகளைக் கேட்ட பிறகும், வெனிஸைப் பற்றித் தேடி வாசித்த பிறகும் என் எண்ணம் மாறிவிட்டது. ஒரு பெரிய நகரத்துக்கு இரண்டாம் முறை போவது வீண்செலவு என்று இப்போது நான் நினைக்கவில்லை. முதலாவது பயணத்தில் கிடைக்காத ஒன்று அதில்தான் கிடைக்கின்றது என்று நினைக்கின்றேன். ஏன் என்பதைச் சொல்கின்றேன்.

முதலாவது பயணம் ஒக்டோபர் மாதத்தில் நடந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த வெளிநாட்டு மாணவர்கள் ஒரு குழுவாகப் புறப்பட்டார்கள். பாதுவாவிலிருந்து வெனிஸ் புகையிரதத்தில் மிக அருகில். கடலேரியின் மீது 1846ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீண்ட பாலத்தைக் கடந்து புகையிரதம் நகரத்துக்குள் நுழைகின்றது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மோட்டார் வாகனம் ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள், அவற்றை இணைக்கும் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், எங்கும் தண்ணீர். சுவர்களில் ‘ரியால்டோ’, ‘சான் மார்க்கோ’ என்று வழி காட்டும் மஞ்சள் பலகைகளைப் பின்பற்றிக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். ரியால்டோ பாலத்தில் ஒரு படம். சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒரு படம். ஆட்சியாளர் மாளிகையிலிருந்து சிறைச்சாலைக்குக் கைதிகளைக் கொண்டுபோன பெருமூச்சுப் பாலத்தைப் பின்னணியாக வைத்து இன்னுமொரு படம். ஐந்து பேர் காசு சேர்த்துக் கொண்டோலாப் படகில் அரைமணி நேரம். அதற்கு 90 யூரோ. மாலைப் புகையிரதத்தில் திரும்பிவிட்டார்கள்.

“உண்மையச் சொல்லப் போனா, நான் அண்டைக்கு வெனிஸில் கூடுதலாப் பார்த்தது எனக்கு முன்னால் போன ஆளுட முதுகுப் பையைத்தான்” என்று தாத்தா சிரித்தார். நாங்களோ அந்தப் படங்களுக்கு இதயக் குறி போட்டுக்கொண்டிருந்தோம். “கொண்டோலாவில் இருக்கிற படம் ஒண்டு அனுப்புங்க தாத்தா” என்று கேட்டவள் நான்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கின்றேன்.

இரண்டாவது பயணத்துக்குத் திட்டம் எதுவும் இருக்கவில்லை. கூடப் படிக்கும் இத்தாலிய மாணவி ஒருத்தியின் பாட்டி வெனிஸின் கன்னரெஜோ பகுதியில் வசிக்கிறார். “சனிக்கிழமை பாட்டியைப் பார்க்கப் போகின்றேன், நீயும் வா” என்றாள் அவள். உம்மாவின் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. இருவரும் சனிக்கிழமை காலை ரியால்டோச் சந்தையில் இறங்கி, பாட்டி எழுதிக் கொடுத்த பட்டியலின்படி மரக்கறியும் மீனும் வாங்கினார்கள். பெருங்கால்வாயை இரண்டு யூரோ கொடுத்துத் தோணியில் கடந்தார்கள். அதுவும் கொண்டோலாதான். ஆனால் கரைக்குக் கரை ஆட்களை ஏற்றி இறக்கும் கொண்டோலா. அதில் ஊர் மக்கள் பையோடு நின்றபடியே போகிறார்களாம்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தெருவின் பெயர் ‘ரூகா தெய் ஸ்பெட்சியேரி’. வாசனைச் சரக்கு வியாபாரிகளின் தெரு என்று பொருள். முற்காலத்தில் நம் நாட்டுக் கறுவாவை அரபு வணிகர்கள் செங்கடல் வழியாக எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வெனிஸ் வணிகர்கள் அதை வாங்கி ஐரோப்பாவெங்கும் விற்றார்கள். வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருப்பதால் இந்தச் செய்தியைக் கேட்டதும் கதிரையை இழுத்துக்கொண்டு கைத்தொலைபேசிக்குக் கிட்ட வந்துவிட்டார். முதலாவது பயணத்திலும் தாத்தா அந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறார். பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்கவில்லை.

பாட்டியின் வீடு மூன்றாம் மாடியில். அந்தப் படிக்கட்டில் மொத்தம் ஆறு கதவுகள். பாட்டி கல்யாணம் முடித்து வந்த காலத்தில் ஆறிலும் குடும்பங்கள் இருந்தன. இப்போது இரண்டில் மட்டும்தான் ஆட்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள். மற்ற நான்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகள். வாசலில் திறப்பு வைக்கும் இலக்கப் பூட்டுப் பெட்டிகள் தொங்குகின்றன. சில்லுப் பைகளை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறார்கள். “எனக்கு எப்போதும் அயலவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உப்பு முடிந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை” என்றாராம் பாட்டி. இதைக் கேட்டதும் பெரியும்மா முதன்முறையாக அமைதியானார். எங்கள் ஒழுங்கையில் சீனி, தேங்காய் என்று ஒரு நாளில் எத்தனை பாத்திரங்கள் மதிலுக்கு மேலால் கைமாறும் என்று எங்களுக்குத் தெரியும்.

ரியால்டோப் பாலத்துக்கு அருகில் சான் பார்த்தலோமேயோ என்ற சிறு சதுக்கம் இருக்கின்றது. அங்குள்ள மருந்தகம் ஒன்றின் கண்ணாடிக்குள் 2008ஆம் ஆண்டு முதல் ஒரு மின் இலக்கப் பலகை ஒளிர்கின்றது. அதில் தெரிவது பழைய வெனிஸ் நகரத்தில் இன்னும் வசிப்பவர்களின் தொகை. 1951ஆம் ஆண்டில் அந்தத் தொகை ஏறத்தாழ 175,000. பலகை வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 60,000. 2022இல் அது 50,000இற்கும் கீழே இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, நகரத்தில் உள்ள சுற்றுலாக் கட்டில்களின் எண்ணிக்கை அங்கே வாழும் மனிதர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. புவியியல் பாடத்தில் சனத்தொகை மாற்றம் பற்றி எத்தனையோ வரைபுகள் கீறியிருக்கின்றேன். ஒரு நகரம் தன் மக்கள் குறைவதைத் தானே கடை வாசலில் எழுதி வைத்திருக்கின்றது என்று கேட்டபோது ஏற்பட்ட உணர்வு எந்த வரைபிலும் ஏற்பட்டதில்லை.

எல்லாப் பழியையும் சுற்றுலாப் பயணிகள் மீது போடுவது நியாயமாகாது. பழைய வீடுகளின் ஈரம், தரைநாட்டில் உள்ள மெஸ்ட்ரேயில் கிடைத்த வசதியான வீடுகளும் வேலைகளும், 1966ஆம் ஆண்டு 194 சென்றிமீற்றர் உயரத்துக்கு ஏறிய வெள்ளம் என்று மக்கள் வெளியேறப் பல காரணங்கள் இருந்தன. 2019 நவம்பரிலும் தண்ணீர் 187 சென்றிமீற்றர் ஏறியது. அடுத்த ஆண்டிலிருந்துதான் கடல்வாயிலில் உள்ள ‘மோசே’ தடுப்புக் கதவுகள் நகரத்தைக் காக்கத் தொடங்கின. ஆனால் இன்று ஒரு இளம் குடும்பம் வெனிஸில் வாடகைக்கு வீடு தேடினால், அது போட்டி போட வேண்டியிருப்பது வெள்ளத்தோடு இல்லை, இரண்டு இரவுக்கு வரும் பயணியோடு.

நகர நிருவாகம் சும்மா இருக்கவில்லை. 2021 ஓகஸ்ட் முதல் பெரிய உல்லாசக் கப்பல்கள் சான் மார்க்கோவுக்கு முன்னால் வருவது தடுக்கப்பட்டது. 2024இல் வழிகாட்டிக் குழுக்களுக்கு 25 பேர் என்று எல்லை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி முதல், கூட்டம் மிகுந்த 29 நாட்களில், ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. மறு ஆண்டு அது 54 நாட்களாகியது. கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்குக் கட்டணம் 10 யூரோ.

இந்தக் கட்டணம் பற்றி என் கருத்து வேறு. தொலைதூரத்திலிருந்து வருகிறவன் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போகமாட்டான். காசு கட்டிவிட்டேன் என்ற உரிமையோடு உள்ளே வருவான். அதைவிட முக்கியமான விடயம், இரவில் தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. அவர்கள் தங்கும் வரியைத் தனியாகக் கட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பாட்டியின் படிக்கட்டில் நான்கு கதவுகளைப் பூட்டியவர்கள் பகலில் வந்து போகிறவர்களா? அவற்றைப் பூட்டியது இரவு வாடகைதானே! வாசலில் நின்று தலை எண்ணுவதைவிட, எத்தனை வீடுகளை நாள் வாடகைக்கு விடலாம் என்று எல்லை போடுவதே முதலில் செய்ய வேண்டியது என்று நான் நினைக்கின்றேன்.

இந்த இடத்தில் என் தம்பி ஒரு கேள்வி கேட்டான். “அப்ப எல்லாரும் ரெண்டு தரம் போனா, கூட்டமும் ரெண்டு மடங்காகுமே?” சரியான கேள்வி. ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே மூன்று இடங்களுக்கு இரண்டு தரம் போனால் அதில் எந்தப் பயனும் இல்லை. அப்படிப் போவதற்கு நான் ‘இரண்டாம் முறை’ என்று பெயர் வைக்கவில்லை. பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் தீர்ந்த பிறகுதான் ஒரு ஊர் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றது. கைகள் படம் எடுப்பதை நிறுத்தி மரக்கறிப் பையைத் தூக்குகின்றன. மஞ்சள் பலகை காட்டாத பக்கமாகக் கால் திரும்புகின்றது. அங்கே இருக்கும் மனிதர்களுக்கு என்ன நடக்கின்றது என்ற கேள்வி அப்போதுதான் மனதில் எழுகின்றது.

பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதுவா பல்கலைக்கழகம் 1222ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பழைய கட்டடத்தின் படிக்கட்டு அருகே ஒரு பெண்ணின் சிலை இருக்கின்றது. தாத்தா அதைப் பல தடவை கடந்து போயிருக்கிறார். அவள் எலேனா கொர்னாரோ பிஸ்கோபியா. ஏழு மொழிகள் அறிந்தவள். இறையியலில் பட்டம் கேட்டபோது, பெண் என்பதால் ஆயர் மறுத்துவிட்டார். பின்னர் தத்துவத்தில் தேர்வுக்கு நின்று, 1678 ஜூன் 25ஆம் திகதி கலாநிதிப் பட்டம் பெற்றாள். பல்கலைக்கழகத்தில் அவ்வாறு பட்டம் பெற்ற உலகின் முதற்பெண் என்று அவளைச் சொல்கிறார்கள். தேர்வைப் பார்க்க வந்த கூட்டம் பல்கலைக்கழக மண்டபத்தில் அடங்காததால் அதை நகரப் பேராலயத்தில் நடத்த வேண்டியதாயிற்று.

அந்த எலேனா 1646இல் பிறந்தது வெனிஸில். ரியால்டோப் பாலத்துக்குப் பக்கத்தில், இன்று மாநகர சபை இயங்கும் மாளிகையில். அதை நினைவுகூரும் கல்வெட்டு ஒன்று சுவரில் பதிக்கப்பட்டிருக்கின்றது. முதலாவது பயணத்தில் தாத்தா அந்தச் சுவரைத் தாண்டித்தான் கூட்டத்தோடு ஓடியிருக்கிறார். இரண்டாவது பயணத்தில், பாட்டிக்கு மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நின்று வாசித்தார். படிப்பதற்காகக் கடல் கடந்து போன ஒரு பெண், படிக்க அனுமதி கேட்டுப் போராடிய இன்னொரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். பெரியும்மா கேட்ட செலவுக் கணக்கில் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வாப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கின்றது. ஒரே ஊருக்கு இரண்டு தரம் போவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தரம் வெளிநாடு பார்க்கக் கிடைத்தவர் ஓடி ஓடிப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல நான் யார்? என் கையில் இன்னும் கடவுச்சீட்டுக்கூட இல்லை. ஆனால் ஒரே பயணத்துக்குள்ளும் இரண்டாம் முறையை வைத்துக்கொள்ளலாம். பத்து இடங்கள் உள்ள பட்டியலில் ஐந்தை வெட்டிவிட்டு, ஒரு காலைப்பொழுதைச் சந்தைக்கும் ஒரு மாலைப்பொழுதைப் பெயர் தெரியாத தெருவுக்கும் கொடுக்கலாம். தங்குவதானால், ஒரு குடும்பம் வாழ வேண்டிய வீட்டைத் தவிர்த்து ஹோட்டலில் தங்கலாம்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பயணம் போய் வந்தால் “எத்தனை இடம் பார்த்த?” என்றுதான் நாம் முதலில் கேட்கின்றோம். அப்படிக் கேட்பதால்தான் பிள்ளையும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு வருகின்றது. “அங்க சனம் எப்படி இருக்கு?” என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளையிடம் அதற்குப் பதில் இல்லை என்றால், அந்த ஊருக்கு இன்னொரு தரம் போக வேண்டியிருக்கின்றது என்று அர்த்தம்.

போன வாரமும் தாத்தா அழைப்பு எடுத்தார். பரீட்சை, சாப்பாடு, குளிர் எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, பெரியும்மா கைத்தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டார்:

“மகள், அந்த மருந்துக் கடைட நம்பர் இப்ப எவ்வளவாம்?”

“தெரியல்ல உம்மா. திரும்பப் போனாத்தான் பார்க்கலாம்.”

இந்த முறை யாரும் காசைப் பற்றிக் கேட்கவில்லை.

– உயர்தரக் கலைப்பிரிவு மாணவி