ஹாண்டில் பாரும் சுண்டுவிரலும்

கம்மாபுரத்தில் நமக்குப் பழக்கமான வாலிபன் ஒருவன் விருத்தாசலத்துக்குத் தினந்தோறும் சைக்கிளில் போய், பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டி வருகிறான். சென்ற மாதம் அவனுடைய தகப்பனார் நம்மிடம் வந்தார். "பையனுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன, ஸார். தூரிகை பிடித்தால் கை நிலைகொள்ளவில்லை. களிமண் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வேலையை விட்டுவிடச் சொல்லலாமா?" என்றார்.

பையனை விசாரித்தோம். பட்டறைக்குப் போய்ச் சேருமுன், பாதி வழியிலேயே விரல் மரத்து விடுகிறதாம். விடுமுறை நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லையாம். அவன் புதிதாக வாங்கிய சைக்கிளைப் பார்த்தோம். ஹாண்டில் பார் கம்பு போல் நேராகவும், ஆசனத்தைவிடத் தாழ்வாகவும் இருந்தது. களிமண் நிரபராதி என்பது விளங்கிவிட்டது.

முழங்கையிலிருந்து இறங்கும் நரம்பு ஒன்று, உள்ளங்கையின் ஓரமாகச் சென்று அவ்விரு விரல்களுக்கும் உணர்ச்சி தருகிறது. குனிந்து ஓட்டும்போது உடம்பின் பாரம் அந்த ஓரத்திலேயே நெடுநேரம் அழுந்தினால், விரல் மரக்காமல் என்ன செய்யும்?

நம் பாட்டனார் காலத்துச் சைக்கிளின் ஹாண்டில் பார் பின்னோக்கி வளைந்திருக்கும். ஆளை நிமிர்ந்து உட்கார வைத்துப் பாரத்தை ஆசனத்தில் இறக்கிவிடும்; எதிர்க்காற்றில் மட்டும் சற்றுச் சிரமம். ஆட்டுக்கடாக் கொம்பு போல் கீழ்நோக்கி வளைந்த பந்தயப் பாரும் வெறும் அலங்காரமன்று. அதில் கையை மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைக்கலாம். நெடுந்தூரம் போகிறவர்கள் அதை விரும்புவது இதனால்தான். நேர்ப் பாரிலோ கைக்கு ஏறக்குறைய ஒரே இடந்தான்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் சிலர், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். நாகரிகத்தைப் பாராமல் தேவையைப் பார்த்த அந்தப் புத்தி நமக்கும் வேண்டும்.

சைக்கிள் வாங்குவோர் கவனிக்க: பாரின் அகலம் தோளின் அகலத்துக்கு ஒத்திருக்கட்டும். உயரம் ஆசனத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கட்டும். ஆனால் தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோட்டுக்கு மேல் உயர்த்துவது அபாயம். பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கலாகாது. கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிள்களில் பிரேக்கும் பாரோடு பிணைந்திருப்பதால், பாரை மாற்றுவது எளிதன்று.

பையனுடைய சைக்கிளுக்குப் பின்வளைந்த பார் பூட்டினோம். இரண்டு வாரத்தில் விரல் தெளிந்தது. தெளியாதிருந்தால் வைத்தியரிடம் அனுப்பியிருப்போம். பிள்ளைகளின் தொழிலை மாற்ற நினைக்கும் பெற்றோர், முதலில் அவர்கள் ஏறிப் போகும் சைக்கிளை ஒருமுறை பார்ப்பது நலம்.