காதைத் தோண்டாமல் விடுவதும் சுத்தம்தான்

பிளாஸ்டிக் தண்டுள்ள கொட்டன் பட்ஸ் 2021 மார்ச் 31 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. மருத்துவத் தேவைக்கு மட்டும் விலக்கு. மண்ணையும் கடலையும் காக்க வந்த தடை அது. காதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிளாஸ்டிக் போய்க் கடதாசித் தண்டு வந்தது, பழக்கம் போகவில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் காது அடைத்தால் கை தேடுவது இன்னும் ஒரு குச்சியைத்தான். அது இல்லாவிட்டால் நெருப்புக்குச்சி, கோழி இறகு, பர்தாவில் குத்தும் ஊசி. காதடைப்புக்கு வீட்டில் செய்யத்தக்க வேலை குறும்பியை இளக்குவது மட்டுமே. தோண்டுவது அடைப்பை வளர்க்கும் வேலை.

குறும்பி அழுக்கு அல்ல. காதுக் குழாயின் வெளிப் பகுதியிலுள்ள சுரப்பிகள் தோலைக் காப்பதற்காகச் சுரப்பது அது. தூசியைப் பிடிக்கும், கிருமிகளையும் ஓரளவு தடுக்கும். குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்கிறது. பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது அதற்குத் துணை. நாம் குச்சியை உள்ளே விட்டதும் இந்தப் போக்கு தலைகீழாகிறது. குச்சியில் ஒட்டிவரும் மஞ்சளைப் பார்த்துக் காது சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறோம். செவிப்பறையை நோக்கித் தள்ளப்பட்டது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடலில் குளித்து எழுந்ததும் ஒரு காது திடீரென அடைப்பது பலருக்கும் இதனால்தான்: இறுகிக் கிடந்த குறும்பி தண்ணீரில் ஊறிப் பருத்துவிடுகிறது. காயமும் சாதாரணமல்ல. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை கொட்டன் பட்ஸால் காதில் காயப்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள் சுமார் 2 இலட்சத்து 63 ஆயிரம் பேர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது நேர்ந்தது காதைச் சுத்தம் செய்யும்போதுதான்.

சுத்தத்தை மார்க்கக் கடமையாகக் கொண்ட ஊர்களில் காதை எப்படி விட்டுவைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தொழுகைக்கு முன் செய்யும் வுழூவில் காதுக்குரியது ஈர விரலால் தடவும் மஸ்ஹுதான். மடிப்புகள், வாசல், பின்புறம் என்று விரல் நுனி எட்டுமிடத்தோடு அது நின்றுவிடுகிறது. அதற்கு உள்ளே எதையும் செலுத்தும்படி மார்க்கம் கேட்கவில்லை. மருத்துவமும் அதே இடத்தில்தான் நிற்கச் சொல்கிறது.

அடைத்துவிட்டால், காதை மேலே பார்க்கச் சாய்ந்து படுத்து, ஒலிவ் எண்ணெய் இரண்டு மூன்று துளி விட்டுச் சில நிமிடம் அப்படியே கிடந்தால் போதும். மூன்று முதல் ஐந்து நாள் இப்படிச் செய்யலாம். எண்ணெயை அடுப்பில் சூடாக்கி ஊற்றக்கூடாது. குறும்பி ஊறுவதால் முதலில் அடைப்பு கூடியதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். விலை கூடிய மருந்துக்கும் அலைய வேண்டியதில்லை: ஒரு சொட்டு மருந்து மற்றதைவிட மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை, வெறும் தண்ணீரோடும் உப்புநீரோடும் ஒப்பிட்ட ஆய்வுகளிலும் அப்படித்தான். ஷாபிஈ மத்ஹபில் காதில் சொட்டு விடுவது நோன்பை முறிக்கும் என்பதே வலுவான கருத்து. எனவே றமழானில் நோன்பு துறந்த பிறகு விடலாம். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், சீழோ வலியோ உள்ளவர்கள் எதையும் விடக்கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதுதான் மறுக்க முடியாத வாதம். அதனால்தான் சாதாரண அடைப்பை வீட்டிலேயே எண்ணெயால் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் நீரிழிவுக்காரரின் காதில் சிறு கீறலும் எலும்பு வரை போகும் தொற்றாக மாறலாம். அவர் அந்த நாளைச் செலவழிக்கத்தான் வேண்டும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கட்டணம் வாங்காத அரச வைத்தியசாலைகள். இன்னொரு நிலைமை இதைவிட அவசரமானது. அடைத்ததுபோல் தோன்றி ஒரு காது திடீரெனக் கேட்காமல் போவது குறும்பியால் அல்லாமல் உட்செவி நரம்புப் பாதிப்பாலும் நேரும். அதற்கான ஸ்டீரொய்ட் சிகிச்சையை முதல் இரண்டு கிழமைக்குள், முடிந்தால் முதல் சில நாட்களிலேயே, தொடங்கினால்தான் பயன் அதிகம். அந்த நாட்களைக் குறும்பி என்று நினைத்துத் தோண்டிக் கழித்தவருக்குக் கேட்கும் திறன் திரும்பாமலே போகக்கூடும்.