அவர்கள் பீரோவில் என் படிப்பு

எம்.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தை நிரப்பிப் பதினோரு நாளாகிறது. கூட வைக்க ஒரிஜினல் இல்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து கவுன்சில் பதிவுச் சான்று வரை எல்லாம், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் இரும்பு பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு வருஷ பாண்டு. "அவசரம்னா 50,000 கட்டிட்டு வாங்கிக்கம்மா" என்கிறார் எச்.ஆர். என் சம்பளம் 14,000. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பிடித்தது போகக் கைக்கு வருவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு என்ன சொன்னது? 50 படுக்கைக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200-க்கு மேல் என்றால் அரசு நர்சுக்குச் சமமாகக் கொடு என்றது. எங்கள் ஆஸ்பத்திரியில் 250 படுக்கை. கேட்டால், "அது பரிந்துரைதானே சிஸ்டர், சட்டமா?" என்று சிரிக்கிறார்கள்.

அரசு வேலைக்குப் போ என்பார்கள். போன அக்காவை எனக்குத் தெரியும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பினாள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த நிரந்தரத்தைக் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள்.

சரி, மேலே படிக்கலாம். எதை? ஒன்றரை வருஷமாக ஐ.சி.யூ.வில் நிற்கிறேன். திரையைப் பார்க்காமல், வென்டிலேட்டர் அலாரச் சத்தத்திலேயே சளி அடைத்திருக்கிறதா, டியூப் கழன்றிருக்கிறதா என்று சொல்லுவேன். அந்தத் திறமையை இன்னும் வளர்க்கத்தான் படிக்க ஆசை. ஆனால் எம்.எஸ்சி. முடித்த சீனியர்களைக் கேட்டால், "வார்டுல அதுக்குன்னு ஒரு ரூபா கூடத் தரமாட்டாங்கடி, டியூட்டரா போயிடு" என்கிறார்கள். நோயாளியை இன்னும் நன்றாகப் பார்க்கப் படித்தால், நோயாளியை விட்டே போக வேண்டுமாம்! அந்த சீனியர்களில் ஒருத்தியை ஒரு நர்சிங் கல்லூரி, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் சேலை கட்டி வந்து ரிஜிஸ்டரில் டியூட்டர் என்று கையெழுத்துப் போடச் சொன்னது. இரண்டு வருஷப் படிப்புக்கு அவ்வளவுதான் மரியாதை.

இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென்றே இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வைத்திருக்கிறது. பெரும்பகுதி படுக்கை ஓரத்திலேயே படிப்பது. ஒரு வருஷ அனுபவம் கேட்கிறார்கள், ஐ.சி.யூ.வில் என்றால் நல்லது என்கிறார்கள்; எனக்கு இருக்கிறது. எனக்கென்றே வைத்ததுபோலத் தோன்றும். படித்துவிட்டு எங்கே போய் நிற்பது? அந்தப் பெயரில் ஆள் தேவை என்று ஒரே ஒரு விளம்பரம், இதுவரை என் கண்ணில் படவில்லை. முடித்து வந்தாலும் இதே வார்டில் இதே 14,000-க்கு ஸ்டாஃப் நர்ஸ் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அதில் சேரக் கேட்கும் அனுபவச் சான்றுக்குக்கூட இந்த எச்.ஆரிடம்தான் கெஞ்ச வேண்டும்.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். நேற்று நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது அப்பா போன் பண்ணினார். "அம்மா நகையை வச்சாவது அந்த அம்பதைக் கட்டி வாங்கிடலாமா தாயி?" என்றார். அந்த நகை என் மூன்றாம் வருஷ ஃபீஸுக்கே போய்விட்டது. அவருக்கும் அது தெரியும்.