கோணல் குழலும் அனாமத்துக் கணக்கும்

ரிவால்வர் குழலைச் சட்டகத்தில் திருகும்போது துளி கூடினாலும் குறைந்தாலும் முன்குறி சாய்ந்துவிடும். குறி வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு இடப்பக்கம் போகும்.

"பின்குறியை நகர்த்திக்கோங்க, சரியாயிடும்" என்பது ரெடிமேட் பதில். எங்கே சரியாகிறது? இருப்பாய்வு பொருந்தவில்லை என்று வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளுகிற வேலை இது! பிழை அப்படியே இருக்கும். பின்குறி நகராத மாடலில் அதுவும் முடியாது.

சட்டகத்துக்குள் சுத்தியல் பிடியை நுழைத்து முறுக்கும் வீரர்கள் இன்னொரு ரகம். சட்டகமே வளைந்தால்?

1968-ல் தொடங்கிய அமெரிக்காவின் டான் வெஸ்ஸன் கம்பெனி குழல் தனி, உறை தனி என்று செய்து முனையில் நட்டு போட்டு இறுக்கியது. முன்குறி உறையில் இருப்பதால், குழலைத் திருகினாலும் குறி சாயாது. அரை நூற்றாண்டுப் பழைய வித்தை!

நேராகப் பொருத்தித் தருவது விற்றவன் கடமை. வாங்கியவன் தலையில் கட்டாதீர்கள்.