அதே வீட்டுக்குள் இன்னும் பெரிய டிஸ்க்கா?

காசு சேர்த்தாச்சு. கல்முனைக்குடியில் கூட்டாளி ஒருவனின் வீட்டில் ஓடுகிற எங்கட பொதுச் சேமிப்புப் பெட்டியில் நாலு 4 டெராபைட் டிஸ்க்கையும் கழற்றிவிட்டு, நாலு 8 டெராபைட் போடுவோம் எண்டுதான் பெரும்பான்மை முடிவு. இதை எழுதுகிற நாங்கள் சிறுபான்மை. இந்த முடிவு பிழை எண்டு சொல்லுறோம்.

இடம் காணாது என்பது உண்மை. ஆனால் எதனால் காணாது? ஒரே கலியாண வீடியோ மூன்று இடத்தில் கிடக்குது. நெட்டில் எந்த நேரமும் எடுக்கக்கூடிய படங்கள் கிடக்குது. திரும்பக் கிடைக்காதது எவ்வளவு எண்டு கூட்டிப் பார்த்தோம்: உம்மம்மாமார் படித்த நாட்டார் கவி ஒலிப்பதிவுகள், பொல்லடி வீடியோக்கள், ஸ்கேன் பண்ணின பழைய சஞ்சிகைகள், வீட்டு ஃபோட்டோக்கள். எல்லாம் சேர்த்து 3 டெராபைட் கூட வரவில்லை.

"ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றிலிருந்து மீட்கலாமே" என்கிறார்கள். மீட்கலாம், ஒன்று போனால் மட்டும். இந்த மாற்றத்தின்போது நாமே ஒன்றைக் கழற்றுகிறோம், பெட்டியில் அஞ்சாவதுக்கு இடமில்லாதபடியால். விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட்டைத் திரும்ப நிரப்ப ஏழு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அவ்வளவு நேரமும் மூன்று பழைய டிஸ்க் இடைவிடாமல் வாசிக்க வேணும். அதில் ஒன்று விழுந்தால் மொத்தமும் சரி. இதை நாலு தரம் செய்ய வேணும். நாலாவதும் மாறிய பிறகுதான் கூடின இடம் கண்ணுக்கே தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. எங்கட யூபிஎஸ் கால் மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம்.

அதெல்லாம் சரியாக நடந்தாலும், அழித்தால் நாலிலும் அழியும், வைரஸ் வந்தால் நாலுக்கும் வரும், வீட்டுக்குள் தண்ணி வந்தால் நாலும் ஒன்றாகத்தான் நனையும். 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் உயிர்களோடு அல்பங்களையும் காணி உறுதிகளையும் கொண்டுபோனது. எங்கட வயசுக்காரர் பல பேருக்கு வாப்பாவின் சின்ன வயசுப் படம் ஒன்றுகூட இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அதோடு முடிந்தன. 2005இல் நூலகம் இணையத் திட்டம் தொடங்கியது சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. இவ்வளவும் தெரிந்த நாம, கடற்கரைக்குக் கிட்ட ஒரே அறையில் இன்னும் பெரிய பெட்டி கட்டப் போகிறோமா?

சேர்த்த காசில் இரண்டு 4 டெராபைட் எக்ஸ்டர்னல் வாங்குவோம். ஒன்று சம்மாந்துறையில் இருக்கிற கூட்டாளி வீட்டுக்கு, மற்றது கண்டியில் படிக்கிறவன் அறைக்கு. மூன்று மாதத்துக்கு ஒருக்கா கொண்டுவந்து புதுசை ஏற்றி, பழைய ஃபைல் நாலைத் திறந்தும் பார்க்கணும். சஞ்சிகை ஸ்கேன்களை, உரியவர்கள் சம்மதித்தால், நூலகத்துக்கும் கொடுப்போம். மிஞ்சுகிற காசுக்கு வேணுமெண்டால் பெரிய டிஸ்க் பற்றிப் பேசலாம். அதுக்கு முதல் அந்த மூன்று கலியாண வீடியோவில் இரண்டை யாராவது அழியுங்கள்.