பெயர் இழந்த புத்தர்கள்

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்டுவந்த கற்சிலை புத்தருடையது என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொல்லியல் துறை அறிக்கைதான் ஆதாரம். தாமரைப் பீடம், தியான முத்திரையில் கைகள், சுருள்முடி, நீண்ட காதுமடல் எல்லாம் இருந்தன. துண்டான தலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள்.

கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம், நெய்வேலிக்காரர்களுக்கு இது எங்கோ நடந்த கதையல்ல. விருத்தாசலம், சின்னசேலம் வழியே சேலம் போகும்போது, ஆத்தூருக்கு முன்பே சற்று விலகினால் தியாகனூர். அங்கே இரண்டு பெரிய புத்தர் கற்சிலைகள் இருக்கின்றன.

சோழநாட்டு ஊர்களில் புத்தரைச் செட்டியார், ரிஷி, அமணசாமி என்றெல்லாம் அழைப்பதை ஆய்வாளர் பா. ஜம்புலிங்கம் பதிவுசெய்திருக்கிறார். சமண தீர்த்தங்கரரோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. உற்றுப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். தீர்த்தங்கரர் உடலில் ஆடை இருக்காது. பெரும்பாலும் தலைக்குமேல் முக்குடை இருக்கும். புத்தரின் மார்பில் இடத்தோளிலிருந்து இறங்கும் சீவரம் என்னும் துறவாடையின் விளிம்பு மெல்லிய கோடாக ஓடும். உச்சியில் தீச்சுடர் எழுந்தால் அது தமிழ்நாட்டுப் புத்தருக்கும் இலங்கைப் புத்தருக்கும் உள்ள உறவின் அடையாளம்.

அந்தச் சுடரின் அழகை நாகப்பட்டினச் செப்புத்திருமேனிகளில் காண, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1930கள் வரை சுமார் 350 பௌத்தச் செப்புத்திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. நடராஜரை வார்த்த அதே மெழுகு வார்ப்பு மரபு, அதே நளினம். நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பியது. அதற்கு ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்தவன் சிவபக்தனான ராஜராஜன். பௌத்தத்தை வெளியிலிருந்து வந்து போன விருந்தாளியாகப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு கொடையே பதில்.

அந்நகரின் பழைய பௌத்தச் செங்கல் கோபுரமோ 1867இல் இடிக்கப்பட்டது. அதைக் காப்பாற்றத் தவறினோம். வயலோரத்திலும் குளக்கரையிலும் இருக்கும் சிலைகளையாவது காப்பாற்றலாம். எல்லாவற்றையும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் அடுக்கவேண்டாம். ஊர் விளக்கேற்றும் சிலை ஊரிலேயே இருக்கட்டும். மேலே ஒரு கூரை, அருகில் காலமும் பெயரும் சொல்லும் ஒரு பலகை. இதைத் தொல்லியல் துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து செய்யவேண்டும்.

உங்கள் ஊரில் பெயர் தெரியாத சிலை இருந்தால் எண்ணெய் பூசாதீர்கள், சிமெண்ட் வைத்து ஒட்டாதீர்கள். படம் எடுத்துக் கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.